மேன்முறையீடு விசாரணை மன்றிலேயே தொடங்குகிறது



வன்னியிலே ஒருவர்மீது குற்றத்தீர்ப்பு விழுந்தால், "கொழும்பிலே பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் ஆறுதல் கூறுகிறோம். கொழும்போ முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். காலமோ 14 நாட்கள்! 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் வகுத்த எல்லை அதுவே. உறவினரைக் கூட்டிப் பணந்தேடுமுன் அது கழிந்துவிடுகிறது. ஆயினும், மனுவைத் தீர்ப்பளித்த நீதிமன்றிலேயே கொடுக்கலாம் என்பதை நம்மில் எத்தனைபேர் அறிவோம்?

உழவர்களுக்கு ஒரு சொல். காடு வெட்டியதாக வழக்கு வந்தால், அலைச்சலுக்கு அஞ்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டாதீர்கள். பின்னர் மேன்முறையீட்டிலே பேச இடம் சுருங்கிவிடும்.

சட்டத்தரணிகளே, மேன்முறையீடு புதியதொரு விசாரணையன்று. சாட்சி மீண்டும் கூண்டேறுவதில்லை, வழக்கேடே பேசும். கேளாத குறுக்குக் கேள்வியும் பதியாத ஆட்சேபமும் அங்கே இல்லாதனவே. தவறொன்றைக் காட்டினாலும் போதாது. அத்தவறு எதிரியின் முக்கிய உரிமையைப் பாதித்தது, அல்லது நீதி தவற ஏதுவாயிற்று என்று நாட்டவேண்டும். அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரை கேட்பது அதனையே. தமிழிலே பதிந்த சாட்சியம் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்படும்போது ஒரு சொல் பிறழ்ந்தாலும் வழக்குப் பிறழும். ஆதலின் இரண்டையும் ஒப்புநோக்கக் கற்போம்.

மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கை நினைவுகூர்வோம். பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ், வாக்குமூலமொன்றையே ஆதாரமாகக் கொண்டு 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென்று மெய்ப்பிக்கும் சுமையையும் சட்டம் அவர் தலையிலேயே ஏற்றியது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை 35 ஆண்டாகக் குறைத்தது, குற்றத்தீர்ப்பை நீக்கவில்லை. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டதென்றும் மேன்முறையீடு தாமதித்ததென்றும் கண்டது. ஆயினும் 2006இல் உயர் நீதிமன்றம் அவர் மனுவை நிராகரித்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? சட்டமே சாய்ந்து நிற்குமிடத்து வாதத்திறன் மட்டும் வெல்லாது. அச்சட்டத்தை மாற்ற மக்கள் குரல் எழவேண்டும். ஆனால் முதல் மன்றிலே பதிந்த எதிர்ப்புத்தான் ஒன்பதாண்டு கடந்து உலக அரங்கிலே சான்றாயிற்று. பதியாதிருந்தால் அதுவும் இல்லை.

எனவே, மூத்தோர் தம் பழைய வழக்கேடுகளை இளையோர்க்குத் திறந்து காட்டுவாராக. இளையோர் அவற்றை வரிவரியாகப் பயில்வாராக. உழவர்கள் தீர்ப்பு நாளிலிருந்தே நாட்களை எண்ணத் தொடங்குவாராக. வறியவன் என்பதனால் ஒருவனும் வன்னியிலே மேன்முறையீட்டை இழத்தலாகாது.