இராவணன் மீசைக்கு ஒரு படம்

 

என் தங்கச்சியின் மகள் மருதமுனைக் கடற்கரையில் இருந்து கீறிய ஒரு நீர்வண்ணப் படம் என் முன்னால் இருக்கிறது. இரண்டு உள்ளங்கையை விரித்தால் மூடிவிடலாம், அவ்வளவு சிறியது. அதில் தோணி இல்லை, கரைவலை இழுப்பவர்கள் இல்லை. கடல்கூட மேலே ஒரு விரல் அகலத்துக்குத்தான். மற்றதெல்லாம் மணலும் புல்லும். "வேற ஒண்டும் கெடைக்கல்லியா மகள், இந்த முள்ளையா கீறின?" என்று அவளுடைய உம்மா கேட்டாளாம்.

அந்த முள்தான் இராவணன் மீசை என்ற புல். வெறுங்காலோடு கடற்கரைக்குப் போனவர்களுக்கு அதன் கூர் தெரியும். விறைத்த இலைகள் கொத்துக் கொத்தாக நிற்கும். நிறம் வெறும் பச்சையல்ல, சாம்பல் பூத்த பச்சை. அதைக் கலந்தெடுக்கத்தான் பிள்ளை பாடுபட்டிருக்கிறாள். நீர்வண்ணத்தில் வெளிச்சத்தைப் பூச முடியாது. தாளின் வெண்மையைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். கச்சான் காற்றிலோ வண்ணம் தொட்டவுடன் காய்ந்துவிடும். இலைகளுக்கு நடுவே அவள் விட்டிருக்கும் மெல்லிய வெள்ளைக் கீற்றுகளில் நம் ஊர் நடுப்பகல் அப்படியே இருக்கிறது.

ஓரத்தில் ஒரு முள்ளுருண்டை. இந்தப் புல்லில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் உருண்டை முற்றியதும் முறிந்து, மணல்மேல் காற்றோடு உருண்டு போய் வித்தைப் பரப்பும். சின்ன வயதில் அதைத் துரத்தி ஓடியிருக்கிறோம். அது என்ன வேலையாக ஓடுகிறது என்று அப்போது தெரியாது.

தண்டு மணலில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். காற்று அள்ளிவரும் மணல் இலையில் தட்டி அங்கேயே விழும். மணல் மூட மூடப் புல் மேலே எழும், மேடும் வளரும். பக்கத்திலேயே அடம்பன். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று மூத்தவர்கள் சொன்னதை அங்கே கண்ணால் காணலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம் அம்பாறை. அன்று வந்த கடலை இந்தப் புல் தடுத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாரிக் கடல் கரையை அரிக்கும்போது மேடு இருந்தால் முதலில் மேட்டு மணலை எடுக்கும். மேடு இல்லாவிட்டால் நேரே நம் தென்னையடிக்கு வரும். துறைமுகம் வந்த பிறகு ஒலுவில் கரையைக் கடல் எப்படி அரித்துக்கொண்டு போனது என்று நமக்குத் தெரியும்.

புல்லைப் படமாக்கியது நம் பிள்ளை மட்டுமல்ல. ஜேர்மனிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1503இல் ஒரு பிடி புல்லையும் களையையும் நீர்வண்ணத்தில் வரைந்தார். உயரம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். பின்னாளில் பேரரசர் மாக்சிமிலியனை வரைந்த அதே கை. வியன்னாவின் அல்பர்ட்டினா அருங்காட்சியகம் அந்தப் புல் படத்தைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறது. நம் பிள்ளைக்கு அவர் பெயர் தெரியாது. ஆனாலும் மற்றவர்கள் மிதித்துப் போகும் ஒன்றின் முன்னால் அவளும் குந்தியிருந்து பார்த்திருக்கிறாள்.

கடற்கரையைத் துப்பரவு செய்யப் போகும் தம்பிமாரே, பிளாஸ்ரிக்கை அள்ளுங்கள், போத்தல்களைப் பொறுக்குங்கள். இராவணன் மீசையையும் அடம்பனையும் மட்டும் பிடுங்காமல் விட்டுவிடுங்கள்.