கூந்தலும் நீச்சலும்

(வெள்ளகோவிலில் கூடிய நமது சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெண் குழந்தைக்கு நீச்சல் பழக்கலாகாதோ என்று நம் வீடுகளில் வினவினால், "தலைமயிர் கொட்டிப்போம், கல்யாணத்திற்குள் சடை எலிவாலாகிவிடும்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இதனை நகைத்துத் தள்ளுதல் நியாயமன்று. பாதி உண்மை இதில் உண்டு. மற்றைப் பாதியின் பொருட்டு, ஆண்பிள்ளைகளுக்குச் சுரைப்புருடை கட்டிக் கிணற்றில் இறக்கிவிடும் நாம், பெண்களை மட்டும் அதே கிணற்றின் விளிம்பில் நீந்தத் தெரியாதவர்களாய் நிறுத்திவைத்திருக்கின்றோம். அடி வழுக்கினால் கிணறு ஆண் பெண் என்று பார்ப்பதில்லை.

மயிரின் இயல்பை முதலில் நோக்குவோம். ஒவ்வோர் இழையின் மேலும் மீன் செதிள் போன்ற மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்திருக்கின்றன. நீரில் ஊறுங்கால் இழை தன் எடையில் 100-க்குச் சுமார் 30 பங்கு நீரை உறிஞ்சிப் பருக்கின்றது, செதிள்கள் மேலெழும்புகின்றன, இழை வலுக்குன்றுகின்றது. நாள்தோறும் பருத்தும் சுருங்கியும் வந்தால் மெல்லிய மயிர் நடுவிலே ஒடிகின்றது. ஒடிதல் வேறு, வேரோடு உதிர்தல் வேறு. நீச்சலால் நேர்வது பெரும்பாலும் முன்னையதே. நகரத்து நீச்சற்குளங்களிலோ கிருமிகளைக் கொல்ல இடும் குளோரின் மயிரின் எண்ணெய்ப் பசையையும் கவர்ந்து, இழையையும் வறட்டுகின்றது.

இதற்கு மருந்தைத் தேடி நாம் அயலூர் செல்ல வேண்டுவதில்லை. நம் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொப்பரையும் சூரியகாந்தி விதையும் ஏலம் போவதை யாவரும் அறிவீர்கள். அவ்விரண்டின் எண்ணெயையும், மண்ணெண்ணெய் இனத்ததான கனிம எண்ணெயையும் மயிரிலே தடவிச் சோதித்து, ரேலே, மோஹிலே என்னும் பம்பாய் ஆராய்ச்சியாளர் இருவர் 2003-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மயிரின் புரதம் கழிந்துபோவதைத் தேங்காய் எண்ணெய் ஒன்றே குறைத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரிய அணுத்திரள் உடையதாதலின் இழைக்குள் நுழைகின்றது; ஏனையவை மேலே நின்றுவிடுகின்றன. அவ்விருவரும் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனியைச் சார்ந்தோர் என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை. ஆயினும் நம் பாட்டிமார் கண்ட அனுபவம் அதற்கு மாறன்று.

ஆதலால் நீந்துமுன் நல்ல தண்ணீரால் தலையை நனைத்து, சில துளி எண்ணெயை நுனிவரை தடவித் தளரப் பின்னிக் கொள்க. முன்னமே நீர் குடித்த மயிர் குளோரின் நீரை மிகுதியாய்க் குடியாது. எண்ணெய் வழிய வழியத் தேய்த்துக்கொண்டு பொதுக் குளத்தில் இறங்குவது பிறர்க்குச் செய்யும் தீங்கு. மேலே தொப்பி அணிதல் வேண்டும். இயற்கை ரப்பர்த் தொப்பி எண்ணெய் பட்டால் கெடும்; மயிரையும் பற்றி இழுக்கும். சிலிக்கோன் தொப்பி நன்று. நீண்ட சடைக்குச் சிறு தொப்பி பற்றாது என்பது நம் பெண்களின் குறை மட்டுமன்று. அடர்ந்த சுருள் மயிருடைய கறுப்பின மக்களுக்கென இங்கிலாந்தில் செய்த பெருந்தொப்பியை, 2021-ம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்திற்கு முன் சர்வதேச நீச்சல் சங்கத்தார் மறுத்தனர். கண்டனம் பல எழுந்தபின் 2022-ல் அனுமதித்தனர்.

கரையேறியதும் தலையை அலசுதல் அவசியம். நமது பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களிலும் சப்பைத் தண்ணீர். அதில் சவுக்காரம் போட்டால் நுரையாது, திரிந்து மயிரில் வெண்பிசுக்காய்ப் படியும். அரப்புக்கும் சீயக்காய்க்கும் இக்குற்றம் இல்லை. சோறு வடித்த கஞ்சியில் அரப்பைக் கரைத்துத் தேய்ப்பது நம் வழக்கம். நாள்தோறும் நீந்துவோர் வாரம் இரு முறை தேய்த்தால் போதும், மற்றை நாள் வெறும் நீரே சாலும். கடைசிச் செம்பு மழைநீராயிருப்பின் மிகவும் நலம்.

ஈரத்தலையில் ஈர்கொல்லிச் சீப்பை இடாதீர்கள். துண்டால் அடித்து உலர்த்தும் வழக்கத்தையும் விடுக. துண்டைச் சுற்றி ஒற்றினால் போதும். பாதி உலர்ந்தபின் அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க. இவ்வளவும் செய்தும் வேரோடு கற்றை கற்றையாய்க் கழியுமாயின் அதற்கு நீரைப் பழித்துப் பயனில்லை. இரத்தக் குறைவோ, தைராய்டுக் கோளாறோ, அண்மையில் கண்ட காய்ச்சலோ இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுக. சிகிச்சை நடக்கும்போதும் நீச்சற் பாடத்தை நிறுத்த வேண்டுமா என்று அவரையே கேளுங்கள்.