இரு மருந்துகள், ஓர் உடல்

(மகளிர் சுயஉதவிக் குழுவினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வாயிலாக, இரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டு வாயிலுக்கே வந்தது. மனச்சோர்வும் மருந்தால் தணியக்கூடிய நோயே என உணர்ந்து மனநல மருத்துவரை நாடுவோரும் நம்மிடையே உளர். முதல் மருந்தைத் தருபவர் ஒருவர். இரண்டாவதைத் தருபவர் மற்றொருவர். இரண்டும் சேர்வதோ ஒரே உடலில். மனநல மருந்து உண்பதை வெளியே சொல்லக் கூசி மறைப்போர் பலர். அம்மறைப்பினால் விளையும் தீங்கை எண்ணிப் பார்ப்போம்.

அமிட்ரிப்டிலின் என்பது நெடுநாளாக வழங்கிவரும் மாத்திரை. படுத்திருந்தவர் எழும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டெனத் தாழ்த்தும் இயல்பு இதற்கு உண்டு. கொதிப்பு மாத்திரையும் உடன் சேர்ந்தால், விடியற்காலையில் எழும் முதியவர் தலைசுற்றி விழக்கூடும்.

ஃபுளுவாக்செட்டின், மெட்டோபிரோலால் என்னும் கொதிப்பு மருந்தைக் கல்லீரல் சிதைப்பதைத் தடுக்கிறது. உண்ணும் அளவு மாறாவிடினும் இரத்தத்தில் மருந்து மிகுந்து, நாடித் துடிப்பு மிகவும் குறையலாம். சிறுநீரகத்தின் வழியே பெரும்பாலும் கழியும் அட்டெனலாலுக்கு இத்தொல்லை இல்லை.

எசிட்டலோபிராமும், சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தால் முதியோரின் இரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச்சத்து குறையக்கூடும். அதனால் வரும் அசதியையும் மனக்குழப்பத்தையும் வீட்டார் மூப்பின் விளைவெனத் தவறாகக் கருதிவிடுவர். வென்லாஃபாக்சினோ இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் கூடும்.

இவற்றைக் கேட்டு அஞ்சி, எம்மருந்தையும் தாமாக நிறுத்திவிடலாகாது. மெட்டோபிரோலாலைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி வரலாம். மனநல மருந்தை விட்டால் நோய் திரும்பலாம். தக்கவாறு தேர்ந்து அளித்தால் இருவகை மருந்துகளையும் ஒருங்கே உண்டு நலமாக வாழ இயலும்.

நாம் செய்ய வேண்டுவன சிலவே. எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே பையில் வைத்து, எந்த மருத்துவரிடம் சென்றாலும் காட்டுவோம். வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமும் கூறுவோம். புதிய மாத்திரை தொடங்கியபின் உட்கார்ந்தும் நின்றும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்வோம். படுக்கையிலிருந்து எழுமுன் சற்று அமர்ந்திருப்போம். மயக்கமோ குழப்பமோ கண்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்வோம்.

மனச்சோர்வுற்றவரை ஏளனம் செய்யாத ஊரில்தான் அந்தச் சீட்டு ஒளிவுமறைவின்றி வெளியே வரும். நம் ஊரை அத்தகைய ஊராக்குவது இக்குழுவினரால் ஆகக்கூடிய காரியமே.