யந்திரமும் ஒரு சாமியா?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நமக்குக் கொடுத்திருக்கும் விஷயம் வைத்தியக் கருவிகளைப் பற்றியும், அவற்றை உள்ளிருந்து ஆட்டுவிக்கும் மென்பொருளைப் பற்றியும் நமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும் என்பதாகும். பேச்சின் போக்கில் யந்திரங்களைப் பற்றிக் கடுமையாகச் சில வார்த்தைகள் வரும். அதைக் கொண்டு நம்மை யந்திர விரோதிகள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். புதுக் கருவி ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதன் பின்புறத்துத் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே நாம். 1816-ஆம் வருஷத்தில் லென்னெக் என்ற பிரெஞ்சு வைத்தியர், நோயாளியான ஒரு பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்பதற்குக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழல் போல் சுருட்டி வைத்துக் கேட்டார். அந்தக் காகிதக் குழலே இன்று எல்லா டாக்டர்களின் கழுத்திலும் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பின் பாட்டி. அதைக் கொடுத்தது தெய்வமும் அல்ல, மந்திரமும் அல்ல. ஒரு மனிதனின் யோசனை. ஆகவே யந்திரத்தின் பெருமை மனிதனின் பெருமையே என்பது நமது கொள்கை.

ஆனால் நம் நாட்டில் நடப்பதென்ன? ஆயுத பூஜை வந்தால் ஸ்கேன் மெஷினுக்கும் சந்தனப் பொட்டு; கம்ப்யூட்டருக்கும் குங்குமம்; வாசலில் பூசணிக்காய். இந்தப் பூஜையாவது வருஷத்துக்கு ஒரு நாள். பொட்டு வைக்காமலே வருஷம் முழுவதும் மனத்துக்குள் நடக்கும் பூஜை ஒன்று இருக்கின்றது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம். "மெஷின் சொல்லிவிட்டது, பிறகென்ன கேள்வி?" என்று சொல்லுவதுதான் அந்தப் பூஜை. முன்பு "சாஸ்திரம் சொல்லிவிட்டது" என்று வாயை மூடினவர்கள், இன்று "மெஷின் சொல்லிவிட்டது" என்று வாயை மூடுவார்களானால், மாறினது சாமியே ஒழிய புத்தி மாறவில்லை.

உங்கள் வீட்டிலேயே கிடக்கும் ஒரு கருவியை எடுத்துக் கொள்ளுவோம். 2020, 2021 வருஷங்களில் கொரோனா பரவியபோது, விரலில் கவ்வி மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஒரு சிறு மெஷினை ஊரெல்லாம் வாங்கினோம். 95 காட்டினால் நிம்மதி. 90 காட்டினால் ஓட்டம். அது எப்படி வேலை செய்கின்றது என்று எத்தனை பேர் கேட்டோம்? விரலின் ஒரு புறத்திலிருந்து சிவப்பு வெளிச்சத்தையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தையும் விடுகின்றார்கள். ஆக்சிஜன் ஏறிய இரத்தம் ஒரு விதமாகவும், ஏறாத இரத்தம் வேறு விதமாகவும் அவற்றை விழுங்குகின்றன. மறுபுறம் வந்து சேரும் வெளிச்சத்தைக் கொண்டு கணக்குப் போடுகின்றார்கள். சதையும் எலும்பும் துடிப்பதில்லை, நாடி இரத்தம்தான் துடிக்கின்றது. ஆகையால் துடிப்பதை மட்டும் பிரித்தெடுத்தால் போதும் என்ற அருமையான யோசனை ஜப்பானியரான டாகுவோ அயோயாகி என்ற என்ஜினீயருடையது. 1974-இல் அவர் அதை வெளியிட்டார். அந்த மனிதருக்கு உலகமே கடமைப்பட்டிருக்கின்றது.

நிற்க. வெளிச்சத்தை விழுங்குவது இரத்தம் மாத்திரம்தானா? தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் என்னும் சாயமும் விழுங்குகின்றது. மெஷின் காட்டும் எண்ணோ, சில ஆரோக்கியமான மனிதர்களின் விரல்களில் மாட்டி, அவர்கள் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதி வைத்த ஒரு பட்டியலிலிருந்து வருவது. அந்த மனிதர்கள் யார்? அவர்கள் தோல் என்ன நிறம்? இதுதான் கேள்வி. அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2013-இல் கொடுத்த யோசனைப்படி, 10 பேரை வைத்துச் சோதித்தால் போதும். அதில் கறுத்த தோலுள்ளவர் 2 பேர் இருந்தால் போதும்!

இதன் பலன் என்ன? 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். விரல் மெஷின் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், அதே சமயம் நாடி இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையில் 88-க்கும் கீழே இறங்கியிருந்தது, வெள்ளைக்கார நோயாளிகளில் 100-க்கு 4-க்கும் குறைவு; கறுப்பு நோயாளிகளில் 100-க்குச் சுமார் 12. அதாவது மூச்சுக்குத் தவிக்கும் கறுப்பு மனிதனைப் பார்த்து, "உனக்கு ஒன்றும் இல்லை, போ" என்று மெஷின் சொல்லுவது மூன்று பங்கு அதிகம். இந்தக் குறையை 1990-லேயே வைத்தியர்கள் எழுதியிருந்தார்கள். 30 வருஷம் யாருக்கும் அவசரமில்லை.

மெஷினுக்கு வருண பேதம் தெரியுமா என்று கேட்கலாம். மெஷினுக்குத் தெரியாது. ஆனால் அதைச் செய்தவன் யாரை மனிதன் என்று எண்ணிச் செய்தானோ அந்த எண்ணம் மெஷினுக்குள் போய் உட்கார்ந்து கொள்ளுகின்றது. கறுப்பும் மாநிறமுமாக இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்கு இது யாரோ அந்நியர் சங்கதி அல்ல.

சரி, விரல் மெஷினில் தோஷம் அளவைப் பட்டியலில். இனி மென்பொருளிலேயே தோஷம் இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். தெராக்-25 என்ற ஒரு யந்திரம் இருந்தது. கானடா நாட்டுக் கம்பெனி ஒன்று செய்தது. புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் யந்திரம். அதற்கு முந்திய யந்திரத்தில், தப்பான அளவில் கதிர் புறப்பட்டால் தடுப்பதற்கு இரும்பாலும் கம்பியாலும் ஆன தடைகள் இருந்தன. புது யந்திரத்தில் "கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளும்" என்று அந்தத் தடைகளை எடுத்துவிட்டார்கள். 1985 முதல் 1987 வரை 6 நோயாளிகள் மேல் அளவு கடந்த கதிர் பாய்ந்தது.

அதில் ஒன்று 1986 மார்ச்சில், டெக்சாஸ் மாகாணத்தில் டைலர் என்ற ஊரில் நடந்தது. யந்திரத்தை நடத்திய பெண் ஓர் எழுத்தைத் தவறுதலாக அடித்து, உடனே திருத்திக் கொண்டாள். வேலையில் பழகிய கையாதலால் திருத்தம் சில விநாடிகளில் முடிந்தது. அவ்வளவு சீக்கிரம் திருத்தினால் உள்ளே உள்ள மென்பொருள் குழம்பிவிடும் என்பது யாருக்கும் தெரியாது. திரையில் "கோளாறு 54" என்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கைப்புத்தகம் விளக்கவில்லை. இப்படி ஏதாவது எண் வருவது அன்றாட வழக்கமாகையால், மேலே நடத்தும்படி பொத்தானை அழுத்தினாள். சுமார் 180 ராட் விழ வேண்டிய உடம்பில் 16,500 முதல் 25,000 ராட் வரை விழுந்திருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். நோயாளி 5 மாதத்தில் இறந்தார்.

கம்பெனி என்ஜினீயர்கள் வந்தார்கள்; பார்த்தார்கள்; இந்த யந்திரம் அதிகக் கதிர் பாய்ச்சவே முடியாது என்றார்கள். மறுபடி ஓட்டினார்கள். அடுத்த மாதமே அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு மனிதர் அதே கோளாறு 54-க்குப் பலியானார். அதன் பிறகு உண்மையைக் கண்டவர் யார்? அந்த ஆஸ்பத்திரியின் பௌதிக நிபுணரும் அந்தப் பெண்ணும்தான். இருவரும் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப அதே எழுத்துக்களை அடித்து, வேகமாக அடித்தால்தான் கோளாறு வருகின்றது என்று நிரூபித்தார்கள். இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். அதே பிழை பழைய யந்திரத்தின் மென்பொருளிலும் இருந்தது. ஆனால் அங்கே ப்யூஸ் கட்டை போயிற்று, மனிதன் பிழைத்தான். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரானாலும் அதை நம்பாமல் நிற்கும் ஒரு ப்யூஸ் கட்டை வேண்டும் தோழர்களே! சமூகத்துக்கு அந்த ப்யூஸ் கட்டை, கேள்வி கேட்கும் மனிதன்தான்.

இதுவரை சொன்னது அஜாக்கிரதை. இனி மோசடி ஒன்று. அமெரிக்காவில் தெரனோஸ் என்று ஒரு கம்பெனி 2003-இல் தொடங்கிற்று. விரல் நுனியில் சில சொட்டு இரத்தம் எடுத்தால் போதும், எத்தனையோ சோதனைகளைச் செய்து விடுவோம் என்றார்கள். 2014-இல் அதன் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். யந்திரத்தைத் திறந்து காட்டச் சொன்னால் வியாபார இரகசியம் என்றார்கள். ஏன் நம்பினீர்கள் என்று கேட்டால், எவ்வளவு பெரிய மனிதர்கள் எல்லாம் அதன் நிர்வாக சபையில் இருக்கின்றார்கள் பாருங்கள் என்பதே பதில். அவர்களில் ஒருவர் முன்னாள் மந்திரி ஜார்ஜ் ஷூல்ட்ஸ். அவருடைய பேரன் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, சோதனை முடிவுகள் கோணலாக இருப்பதைக் கண்டு வெளியே சொன்னான். பாட்டனார் பேரனை நம்பவில்லை, கம்பெனியை நம்பினார். 2015-இல் பத்திரிகையில் வெளிவந்தது. 2018-இல் கம்பெனி கலைந்தது. 2022-இல் அதன் தலைவி எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். பெரியவர்கள் சொன்னார்கள் என்பது எந்தக் காலத்திலும் அத்தாட்சி ஆகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

திறந்து காட்ட மறுப்பது மோசக்காரன் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. நல்ல கருவி செய்கின்றவனும் மறுக்கின்றான். கேரன் சாண்ட்லர் என்ற அமெரிக்க வக்கீல் அம்மையாருக்கு இருதயத்தில் நோய். இருதயம் திடீரென்று நின்றால் அதிர்ச்சி கொடுத்து ஓட்டுவதற்கு உடம்புக்குள்ளேயே ஒரு கருவி வைத்தார்கள். அதன் மென்பொருளை நான் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், கம்பெனிகள் கொடுக்கவில்லை. பிறகு அவர் கர்ப்பமாக இருந்தபோது ஏற்பட்ட சாதாரணப் படபடப்பை அந்தக் கருவி ஆபத்து என்று எண்ணி, தேவையில்லாமல் அதிர்ச்சி கொடுத்தது. வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாது என்று நம்மவர்களுக்கு எழுதி வைத்தவர்களுக்கும், உன் நெஞ்சுக்குள் இருக்கும் கட்டளையை நீ படிக்கக் கூடாது என்பவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

"படித்தால் மட்டும் உங்களுக்குப் புரிந்துவிடுமா?" என்று கேட்பார்கள். ஊர்ப் பொதுப் பணத்தின் வரவு செலவைச் சாவடியில் ஒட்டி வைத்தால், ஊரார் எல்லோரும் கணக்குப் படித்தவர்களா? படித்த ஒருவன் இருந்தால் போதும்; அவன் பார்த்துச் சொல்லுவான். அவன் பார்ப்பான் என்ற பயமே கணக்கப்பிள்ளையை யோக்கியனாக வைத்திருக்கும். நாம் கேட்பது அவ்வளவுதான்.

வேறு சிலர் இந்தப் பேச்சைக் கேட்டுக் குதூகலிப்பார்கள். "பார்த்தாயா, இங்கிலீஷ் மெஷினே பொய் சொல்லுகின்றது, எங்கள் தாயத்தே மேல்" என்பார்கள். அவர்களுக்கு நமது பதில் இது: விரல் மெஷினின் குறையைக் கண்டுபிடித்தது யார்? ஜோசியனா? வைத்தியர்கள், இரத்தத்தை எடுத்து அளந்து, தங்கள் கருவியின் குறையைத் தாங்களே உலகத்துக்கு எழுதினார்கள். அதன் பேரில், 2025 ஜனவரியில் அமெரிக்க இலாகாவும் இன்னும் அதிகம் பேரை, பல நிறத் தோலுள்ளவர்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று புதிய நகல் யோசனையை வெளியிட்டது. எந்தத் தாயத்துக்காரன் தன் தாயத்துப் பலிக்காத நோயாளிகளைக் கணக்கெடுத்து வெளியிட்டிருக்கின்றான்? தன் தப்பைத் தானே தேடுவது விஞ்ஞானம். தப்பே இல்லை என்பது சாமி. யந்திரத்தை விஞ்ஞானமாக வைத்துக் கொள்ளுங்கள், சாமியாக்கி விடாதீர்கள்.

காரியத்துக்கு வருவோம். விரல் மெஷினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. விரல் சில்லிட்டிருந்தாலும், நகத்தில் சாயம் இருந்தாலும் எண் தப்பும் என்று தெரிந்து கொள்ளுங்கள். ஒரு எண்ணைப் பார்க்காமல், காலையும் மாலையும் எழுதி வைத்து, இறங்கிக்கொண்டே வருகின்றதா என்று பாருங்கள். மூச்சுத் திணறினால், உதடும் நாக்கும் நீலம் பாரித்தால், மெஷின் 96 காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு காட்டும் கடிகாரம், மோதிரம் என்று விற்கின்றார்கள். அப்படித் தானாக அளக்கும் எந்த ஒன்றுக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அதே அமெரிக்க இலாகா எச்சரித்தது. அந்தப் பொய் எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக் கொண்டால் உயிர் போகும்.

எந்தக் கருவி வாங்கினாலும் நான்கு கேள்வி கேளுங்கள். இதை யார் மேல் சோதித்தார்கள்? எவ்வளவு தப்பும்? தப்பினால் எனக்கு எப்படித் தெரியும்? இதைத் திறந்து பார்க்கவும் பழுது பார்க்கவும் எவனுக்காவது உரிமை உண்டா? கடைக்காரனுக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். டாக்டர் கோபித்துக் கொள்ளவும் கூடும். பாதகமில்லை. டைலர் ஊரில் கம்பெனி என்ஜினீயர்கள் "முடியவே முடியாது" என்று சொல்லிப் போன பிறகும், பொத்தான் அழுத்துகின்ற ஒரு பெண் உட்கார்ந்து மறுபடி அடித்துப் பார்த்தாளே, அந்தப் புத்தி நம் ஒவ்வொருவருக்கும் வர வேண்டும்.