இருதய டாக்டரின் படிப்பு
(கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பௌதிகம் படித்தவன். உத்தியோகம் மத்திய சர்க்காரில். இந்தத் தலைப்பில் பேச எனக்குள்ள ஒரே யோக்கியதை, என் இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் இருப்பதுதான்.

2018-ல் மாடி ஏறினால் மார்பில் ஓர் இறுக்கம். பக்கத்துத் தெருவில் 'இருதய நோய் நிபுணர்' என்று போர்டு போட்டிருந்தவரிடம் ஏழு மாதம் போனேன். வாயு என்றார். ஆபீசில் ஒவ்வொரு பைலிலும் அத்தாட்சி எங்கே என்று கேட்டவன், அவரிடம் 'என்ன படித்திருக்கிறீர்கள்' என்று கேட்கக் கூச்சப்பட்டேன். ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளைதான் மருந்துச் சீட்டைப் பார்த்தார். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின் ஒரு டிப்ளமா, அவ்வளவே. அந்த வாரமே வேறு ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். இரண்டு குழாய்களில் அடைப்பு. இன்னும் சில வாரம் போயிருந்தால் இங்கே நின்றிருக்க மாட்டேன்.

பிறகுதான் விசாரித்தேன். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், பயிற்சி ஒரு வருஷம், எம்.டி. 3 வருஷம், அதன்மேல் டி.எம். கார்டியாலஜி 3 வருஷம். ஆக பதினொன்றரை வருஷம். நடுவில் நுழைவுத் தேர்வுகளுக்குக் காத்திருப்பது தனி. தேசியத் தேர்வு வாரியத்தின் வழியாகவும் இதற்குச் சமமான பட்டம் உண்டு. கை மணிக்கட்டு வழியே குழாய் செலுத்துவது, எக்கோ பார்ப்பது, பேஸ்மேக்கர் பொருத்துவது எல்லாம் கடைசி மூன்று வருஷத்தில் கைப்பழக்கமாகிறது. மார்பைத் திறந்து பைபாஸ் செய்பவர் வேறு, அவர் எம்.எஸ். முடித்து எம்.சிஎச். படித்த சர்ஜன். இருவரையும் ஒருவரென்றே நானும் நினைத்திருந்தேன்.

இந்தப் படிப்பெல்லாம் நம் நாட்டில் வருமுன் டாக்டர் எஸ். பத்மாவதி அதைத் தேடி எங்கெல்லாம் போனார் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 1917-ல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்தவர். 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பால் தாயார், சகோதரிகளுடன் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். யுத்தம் முடிந்ததும் லண்டன், எடின்பரோ. பிறகு அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டாசிக்கிடமும், ஹார்வர்டில் பால் டட்லி வைட்டிடமும் பயிற்சி. 1953-ல் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் சேர்ந்து, அங்கே இருதயப் பிரிவைத் தொடங்கினார். 1992-ல் பத்ம விபூஷண். 2020-ல் கோவிட் தொற்றால் காலமானபோது வயது 103.

மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. அதையும் பட்டத்தையும் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பழைய டாக்டரை இன்றும் பார்க்கிறேன். நல்ல மனுஷர், ஜுரம் வந்தால் அவரிடம்தான் போகிறேன். போர்டு மட்டும் அப்படியே இருக்கிறது.