முன்பணமும் தறியும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மரபினர் பலர்க்குத் தறியும் சொந்தம்; தறிக்குழி தோண்டிய இல்லமும் சொந்தம். ஏவுவார் எவருமிலர், தறியில் இறங்குவதும் எழுவதும் தம் விருப்பமே. இவரை உலகம் சுயதொழிலாளர் என்று கூறும். ஆயினும் பாவு ஓரிடத்தினின்றே வரும். ஊடையும் ஜரிகையும் அவ்விடத்தினின்றே வரும். நெய்த சேலையும் அவ்விடத்திற்கே திரும்பும். கூலியோ அவர் சொல்லுங் கூலி.

இதுபற்றிப் பேச எமக்குச் சிறிது கூச்சமுண்டு. பாவு கொடுப்போரும் பெறுவோரும் இம்மண்டபத்தில் ஒருங்கே அமர்ந்துள்ளனர். இருவரும் கொண்டுங் கொடுத்தும் உறவாடும் நம்மவரே. பாவு கொடுப்போர்க்கும் இடருண்டு. பெங்களூர்ப் பட்டும் சூரத்து ஜரிகையும் விலையேறின், முதற் சுமை அவர் தலைமேலதே. கரையும் உடலும் வெவ்வேறு நிறமான காஞ்சிக் கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று வேண்டும்; இருவர் கை வேண்டும்; நாளும் பல செல்லும். அத்தனைக்கும் முதலிட்டுக் காத்திருக்க ஏழை நெசவாளரால் இயலாது. ஆகலின் ஒருவரிடமே நெய்தல் குற்றமென்று யாம் கூறோம்.

குற்றம் முன்பணத்தில் உளது. எம் தந்தையார் தம் தங்கையின் திருமணத்திற்காக முதலாளி ஒருவரிடம் ஐயாயிரம் ரூபாய் பெற்றனர். வட்டி இல்லை, அதுவே அதன் இனிமை. கூலியிற் கழிப்பதும் இல்லை. அதுவே அதன் நஞ்சு. விலகும் நாளில் முழுத்தொகையும் வைத்தல் வேண்டும். ஒன்பதாண்டுகளுக்குப் பின் அடுத்த தெருவினர் ஒருவர் சேலைக்குக் கூடுதல் கூலி தர முன்வந்தார். பழங்கடனையும் அவரே செலுத்தினார். தந்தையார் இருந்த தறியிலேயே இருந்தனர்; கடன் மட்டும் தெரு மாறிற்று. கூடுதல் கூலியும் ஓராண்டே நின்றது. கணக்கு எவ்விடத்தும் எழுதித் தரப்படவில்லை.

முன்பணம் நமக்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டிற் சோழமண்டலக் கரையில் நம் முன்னோர் முன்பணம் பெற்றே நெய்தனர். ஆயின் பிறர் நல்விலை தருவராயின், பெற்ற பணத்தைத் திருப்பிவிட்டு நீங்கும் உரிமை நெசவாளர்க்கு இருந்தது. பணந் தந்த வணிகர்க்கோ ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை இல்லை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இவ்வுரிமையை ஒடுக்கத் தலைப்பட்டனர். கம்பெனியாரின் வாணிகம் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிந்தது. அவர் விட்டுச்சென்ற வழக்கத்தை நாம் நம்முள் நடத்துதல் தகுமோ? கடனைக் காட்டி, ஒருவன் பிறரிடம் வேலை செய்வதையோ தன் உழைப்பின் பொருளைச் சந்தை விலைக்கு விற்பதையோ தடுத்தல், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் வரையறையுள் அடங்குவது. முதலாளிமாரை அச்சுறுத்த இது கூறினோமல்லோம். பலர் அறியாமலே செய்கின்றனர்.

கூட்டுறவுச் சங்கத்திற்கு நெய்வோரும் ஒருவரையே சார்ந்தோரன்றோ எனலாம். உண்மை. ஆயினும் ஆங்குக் கணக்கு ஏட்டில் உண்டு, வாக்கும் உண்டு. கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தோன்றியதும் நெசவாளர் துணிக்கு வேறொரு வாயில் திறத்தற்பொருட்டே.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் முகூர்த்தங்கள் தள்ளிப்போயின, கடைகள் அடைபட்டன, பாவு நின்றது. எம் தெருவில் அடுப்பெரிக்க வாங்கிய தொகையும் முன்பணத்தோடு சேர்ந்தது. அக்கடனுடன் இன்றும் நெய்வோர் இவ்வவையில் உளர். பெயர் கூறி அவரை நாணச் செய்யோம்.

யாம் வேண்டுவன இரண்டே. முன்பணக் கணக்கு எழுத்தில் இருத்தல் வேண்டும். அதன் படியொன்று நெசவாளர் கையில் இருத்தல் வேண்டும். சேலைதோறும் சிறுதொகை கழிதல் வேண்டும். மற்றொன்று, நம் திருமண மண்டப வருவாயில் ஒரு பகுதியை மீட்பு நிதியாக ஒதுக்கி, விலக விரும்புவோர்க்கு வட்டியின்றித் தவணைக் கடனாகத் தருதல். மண்டபத்திற்கு மேன்மாடம் எழுப்புதல் ஈராண்டு பொறுக்கலாம்.

இதனைத் தீர்மானமாக எழுதி மேசைமீது வைத்துள்ளோம். முதற் கையொப்பம் பாவு கொடுப்போர் ஒருவருடையதாக இருக்க விரும்புகின்றோம். அவ்விடத்தை வெறுமையாக விட்டே இரண்டாவதாக எம் பெயரை எழுதியுள்ளோம்.