சுரங்கத்தின் நாடியை யார் பார்ப்பது?

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சூளையிலிருந்து சரக்கு ஆறி வெளியே வந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டுகிறீர்கள். கணீர் என்றால் நல்ல சரக்கு. பொத்தென்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாததைக் காது சொல்லிவிடுகிறது. இந்த வித்தையை எந்தக் கலாசாலையும் உங்களுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

நான் இன்று பேச வந்தது பூமிக்கு அடியில் தோண்டும் சுரங்கப் பாதைகளைப் பற்றி. அவற்றின் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று கண்காணிப்பதையே நாலைந்து ஆண்டு ஆராய்ந்து, சர்வகலாசாலைகளில் டாக்டர் பட்டம் வாங்குகிறார்கள். களிமண் பிசைகிற நமக்கும், நாற்று நடுகிற நமக்கும் அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

ஜப்பானில் சசாகோ என்று ஒரு மோட்டார் சாலைச் சுரங்கம். 1977இல் திறந்தது. 2012 டிசம்பர் 2ஆம் தேதி அதன் உட்கூரைக் கான்கிரீட் பலகைகள் நூறு மீட்டருக்கு மேல் சரிந்து விழுந்தன. 9 பேர் மாண்டார்கள். பலகைகளைத் தாங்கி நின்ற உச்சி போல்ட்டுகள் பிடி தளர்ந்திருந்தன. அந்த போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்கும் சோதனை 2000க்குப் பிறகு நடக்கவேயில்லை. விபத்துக்கு முன்பு, அதே ஆண்டில், ஒரு பரிசோதனை நடந்தது. கண்ணால் பார்த்ததோடு சரி! நம் சூளைத் தொழிலாளி ஒரு பொம்மைக்குச் செய்வதை, அத்தனை பெரிய எந்திர நாட்டில், தலைக்கு மேல் தொங்கும் கான்கிரீட்டுக்குச் செய்யவில்லை.

சரி, ஆராய்ச்சிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? மலையைக் குடைந்தால் மலை சும்மா இருக்காது. சுற்றியுள்ள பாரம் ஓட்டையை நெருக்கும். எதிர் எதிர்ச் சுவர்களில் குறி அடித்து, நடுவிலுள்ள தூரத்தை நாள்தோறும் அளப்பது பழைய முறை. நேற்று 5 மில்லிமீட்டர் நெருங்கியது, இன்று 3, நாளை 1 என்றால் மலை அடங்குகிறது. 3, 5, 9 என்று ஏறினால்? கணக்குப் போட வேண்டாம், ஆளை வெளியே கொண்டுவா!

புது முறை கண்ணாடி இழை. இன்டர்நெட்டுக்காகத் தெருவில் புதைக்கிறார்களே, அதே இனம், மயிரிழை கனம். அதைச் சுரங்கத்தின் உள்வளையத்தில் ஒட்டி, ஒரு முனையில் ஒளியைச் செலுத்துகிறார்கள். வழி நெடுகிலும் கொஞ்சம் ஒளி திரும்பி வருகிறது. கான்கிரீட் இழுபட்டால் இழையும் இழுபடும். திரும்பும் ஒளி மாறும். எந்த இடத்தில், எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஒரு மீட்டருக்கு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு நீண்டாலும் அகப்பட்டுவிடும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் இந்த முறையில் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் இழை வெயிலுக்கும் குளிருக்கும்கூட அசையும். எது வெப்பம், எது மலையின் அழுத்தம் என்று பிரித்தெடுப்பதுதான் கஷ்டம். அதற்குத்தான் அத்தனை ஆண்டு படிப்பு. அந்தப் படிப்பை நான் மதிக்கிறேன். எந்திரமும் விஞ்ஞானமும் உழைப்பாளிக்கு விரோதி அல்ல.

பின் தகராறு எங்கே? நம் நாட்டுக்கு வாருங்கள்.

உத்தரகாண்டத்தில் சில்க்யாரா சுரங்கம். 2023 நவம்பர் 12, தீபாவளி நாள் விடியற்காலை. உள்ளே 41 தொழிலாளர்கள். ஜார்கண்ட், பீகார், ஒரிசா, வங்காளம் என்று பிழைப்புத் தேடி வந்தவர்கள். இடிந்து விழுந்தது, மறுபடி செதுக்கிச் சீர் செய்துகொண்டிருந்த பகுதி. அந்த வேலையின்போது நிலத்தின் அசைவைப் பிடிக்கப் போதிய கருவிகள் இல்லை என்று விசாரணைக் குழு கண்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. 17 நாள் குழாய் வழியே சாப்பாடு போயிற்று. அமெரிக்க எந்திரம் இடிபாட்டு இரும்பில் சிக்கி உடைந்தது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைக் கையால் குடைந்து 41 பேரையும் மீட்க வழி திறந்தவர்கள் யார்? எலிவளைத் தொழிலாளர்கள்! நிலக்கரிக்காக அப்படித் தோண்டுவதைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இலேயே தடை செய்திருந்தது. தடை செய்த அந்தத் தொழிலின் கைகள்தான் உயிரைக் காத்தன.

தெலுங்கானாவில் அந்தக் கொடுப்பினையும் இல்லை. 2025 பிப்ரவரி 22ஆம் தேதி, ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கத்தில், வாயிலிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் உள்ளே, சேறும் தண்ணீரும் பாய்ந்தன. 8 பேர் சிக்கினார்கள். அவர்களில் இன்ஜினியர்களும் உண்டு. மலை பட்டம் பார்ப்பதில்லை. தேடுதலை நிறுத்தியபோது எடுத்திருந்தது 2 உடல்கள். இன்னொன்று சொல்கிறேன். ஏறத்தாழ அதே இடத்தில் பாறை பலவீனமாக இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்று 2020இலேயே ஒரு நில அதிர்வு ஆய்வு எச்சரித்ததாகப் பின்னர் செய்தி வெளியானது.

கவனியுங்கள். சில்க்யாராவில் போதிய கருவி இல்லை. தெலுங்கானாவில் கருவி பேசியது. பேசியது காகிதத்தில் இருந்தது. 14 கிலோமீட்டர் உள்ளே நின்றவரிடம் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டியது யார்?

இது தூரத்துக் கதை அல்ல. 2017 ஏப்ரல் 9ஆம் தேதி சென்னை அண்ணா சாலையில், கீழே மெட்ரோ சுரங்கம் போய்க்கொண்டிருந்த இடத்தில், சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் ஒரு காரும் குழியில் இறங்கின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

கண்ணாடி இழையின் மறுமுனை கம்பெனி அறையிலுள்ள கம்ப்யூட்டரில் இருக்கிறது. அளவு ஏறினால் முதலில் அறிபவர் அதிகாரி. வேலையை நிறுத்தினால் காண்ட்ராக்டருக்கு நாள் நஷ்டம். இன்னும் ஒரு ஷிப்டு பார்க்கலாம் என்று அந்த அறையில் முடிவாகிறது. அந்த ஷிப்டில் இறங்குகிறவருக்கு அளவும் தெரியாது, முடிவும் தெரியாது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். அன்றன்றைய அளவைச் சுரங்க வாயிலில், தொழிலாளி படிக்கும் பாஷையில் எழுதிப் போடு. இன்ன அளவைத் தாண்டினால் வேலை நிறுத்தம் என்று முன்கூட்டியே எண்ணைக் குறித்து வை. அதை மீறி உள்ளே அனுப்ப எந்த மேஸ்திரிக்கும் அதிகாரம் கூடாது. அப்படி நின்ற நாளுக்குக் கூலியைப் பிடிக்காதே. அளவு பார்க்கும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் உட்காரட்டும். டாக்டர் பட்டம் வாங்கிய பெண்ணோ பையனோ அவருக்கு அந்தப் படத்தைப் படிக்கச் சொல்லித் தரட்டும். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்.